பல்லாவரத்தில் பிடிபட்ட கோல்ட்ஃபிஞ்ச்

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளைத் தெரிந்த நாலு பேர் இன்னும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் இருக்கிறார்கள். எழுதினால், "இத்தனை வயசாகியும் இவளுக்குப் புத்தி வரலையே" என்று என்னைத்தான் ஏசுவார்கள். அவளை ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். அவளை யாரும் எப்போதும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் ரோட்டில் ஒரு பழைய பங்களா இருந்தது. பறவைப் பைத்தியம் பிடித்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் அதில் குடியிருந்தாராம். தானே சுட்ட பறவைகள், நம் ஊர்ப் பறவைகளை வெளிநாட்டு மியூசியங்களுக்கு அனுப்பிப் பதிலுக்கு வாங்கிய பறவைகள் என்று அலமாரி அலமாரியாகச் சேர்த்து வைத்துவிட்டு, சுதந்திரத்துக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு ஒரு கமிட்டி போட்டு அதைச் சின்ன மியூசியமாக நடத்தினார்கள். அதற்குப் பொறுப்பாளர் அக்கா. அறுபதுகளின் நடுவில், விலங்கியலில் பட்டம் வாங்கின கையோடு நான் அவளுக்கு உதவியாளராகப் போய்ச் சேர்ந்தேன். பெருக்க, துடைக்க, பூட்டைத் திறக்க, பாம்பு வந்தால் அடிக்க முனுசாமி இருந்தான். ஆக மொத்தம் மூன்றே பேர்.

எனக்கு இருபத்தொரு வயது, அவளுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. கஞ்சி போட்ட காட்டன் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் எந்நேரமும் ஒரு கீர்த்தனை. குரோம்பேட்டையிலிருந்து எலெக்ட்ரிக் ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து நான் உள்ளே நுழையும்போதே ஒரு டம்ளர் மோர் மேஜை மேல் இருக்கும். மத்தியானம் தன் டப்பாவில் இருக்கும் மீன் வறுவலில் பெரிய துண்டு எனக்குத்தான். "நீ வளர்ற பொண்ணுடி" என்பாள். இருபத்தொரு வயதில் எங்கே வளர்வது? ஆனாலும் சாப்பிடுவேன். கூடப்பிறந்த அக்கா இல்லாத எனக்கு அவள் அக்காவாகவே ஆகிவிட்டாள்.

அவளிடம் ஒரு குணம் இருந்தது. தெரியாது என்று சொல்ல வராது. பெருமைக்காக இல்லை, அதை நான் கோயிலில் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். கேட்டவர் வெறுங்கையோடு திரும்பிப் போவதை அவளால் தாங்க முடியாது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வேர்க்க விறுவிறுக்க கேட்டுக்கு வந்து நின்றார். கையில் கசங்கின ஒரு சீட்டு. சேலையூரில் யாரோ ஒரு கம்பவுண்டர் வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

"வந்த வழியே போய், லெவல் கிராஸிங் தாண்டி, நேராப் போங்க ஐயா. இடது கைப் பக்கம் மூணாவது வீடு. வாசல்ல கிணறு இருக்கும்" என்றாள் அக்கா, மூச்சு விடாமல்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். "அந்த வீடு உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கெங்கடி தெரியும்? பாவம், வயசானவர், இந்த வெயில்ல வந்து நிக்கிறார். தெரியாதுன்னா மனசு விட்டுடும்ல. பாதி தூரம் போனதும் வேற யாரையாவது கேட்டுக்குவார்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த மனுஷர் சேலையூரில் எத்தனை வாசலில் கிணறு தேடினாரோ, அன்றைக்கு அது எனக்குத் தோன்றவேயில்லை.

படிவம் எதையாவது பூர்த்தி செய்யக் கொடுத்தால் போதும், அக்காவுக்குக் கொண்டாட்டம். எங்கள் வீட்டுக்கு ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தபோது அம்மாவின் பிறந்த தேதி கேட்டிருந்தார்கள். அம்மாவுக்கே தெரியாது. பஞ்ச காலத்தில் பிறந்தேன் என்பாள், அவ்வளவுதான். "அந்த இடத்தைக் காலியா விட்டுடலாமாக்கா?" என்றேன். அக்கா என்னவோ நான் துணியில்லாமல் தெருவில் போகலாமா என்று கேட்ட மாதிரி பார்த்தாள். "மார்ச் பதினொண்ணு போடு. அம்மா முகத்துக்கு மார்ச் பொருத்தமா இருக்கு" என்றாள். போட்டேன். மறு வருஷம் மார்ச் பதினொன்றாம் தேதி கேசரியோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு அதுதான் பிறந்த நாள். வருஷா வருஷம் ஜெபம் பண்ணினோம், புதுப் புடவை எடுத்தோம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் இன்னும் வேடிக்கை. மியூசியத்தில் ஒரு இழுப்பறை முழுக்க கோல்ட்ஃபிஞ்ச் இருந்தது. இங்கிலாந்தில் இருக்கிற சின்னக் குருவி. முகம் மட்டும் குங்குமச் சிவப்பு, இறக்கையில் மஞ்சள் பட்டை. பத்தொன்பது பறவைகள், தோலை உரித்து, பஞ்சடைத்து, மல்லாக்கப் படுக்க வைத்தவை. கண் இருக்கிற இடத்தில் வெள்ளைப் பஞ்சு. ஒவ்வொன்றின் காலிலும் நூலால் கட்டிய ஒரு லேபிள். ஒரு டீச்சரம்மா, "இதுக்குத் தமிழ்ல என்ன பேருங்க?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் இல்லாத குருவிக்குத் தமிழில் எப்படிப் பெயர் இருக்கும்?

"செம்மூஞ்சிச் சிட்டு" என்றாள் அக்கா. "நீலகிரிப் பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க."

நாற்பது பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு, "ஏன்க்கா இப்படி அளக்குறீங்க?" என்றேன். "நல்ல பேர்தானேடி? பேரில்லாமப் படுத்துக் கிடந்துச்சு, பாவம்" என்றாள். ஒரு மாதம் கழித்து வேறு யாரோ கேட்டபோது, சின்ன வயதில் தன் மாமாவோடு கோத்தகிரிக்குப் போனபோது அங்கே ஒரு படுகர் கிழவி அந்தப் பெயரைச் சொன்னதாக விவரமாகச் சொன்னாள். கிழவியின் வெள்ளைத் துணி, அவள் காதிலிருந்த வளையம் எல்லாம் வந்தது. கண்ணில் கூச்சமே இல்லை. எனக்கு ஒரு நிமிஷம், நிஜமாகவே போயிருந்தாளோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம். முனுசாமி விஷயத்தை அப்படிச் சொல்ல முடியவில்லை.

முனுசாமி இரும்புலியூர்க்காரன். அவன் மனைவிக்குப் பிரசவத்தில் ஏதோ ஆகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவன் ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தான். அக்காவும் நானும்தான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண்ணுக்கு நினைவே இல்லை. உதடுகூட அசையவில்லை. மத்தியானம் மூச்சு அடங்கிவிட்டது. முனுசாமி ஓடி வந்து தலையிலடித்துக்கொண்டு அழுதான். "எதனா சொன்னாளாம்மா? என்னாண்ட சொல்லச் சொல்லி எதனா சொன்னாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னாப்பா. உன் பேரைத்தான் சொன்னா. அவரு என்னை நல்லா வச்சிருந்தாரு, அழ வேணாம்னு சொல்லுங்கன்னா. என் காதால கேட்டேன்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. அது பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் முனுசாமி மறுபடி எழுந்து நடமாடினான். சாராயத்தை விட்டான். "நல்லா வச்சிருந்தேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு மா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான். இரண்டு வருஷம் கழித்து அக்கா அந்த நாளைப் பற்றி என்னிடமே பேசினாள். "அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவன் பேரைச் சொன்னதை என்னால மறக்கவே முடியலடி" என்றாள். நான் கூடத்தான் இருந்தேன் என்பதையே அவள் மறந்துவிட்டாள். இருந்தாலும் அன்பால் செய்ததுதானே என்று விட்டுவிட்டேன். அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும், விடுங்கள்.

ஒரு ஐப்பசி மழையில் பங்களாவின் கூரை ஒழுகி, கோல்ட்ஃபிஞ்ச் இருந்த அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பறவைகளுக்குப் பெரிய சேதம் இல்லை. லேபிள்கள்தான் ஊறிப்போய் மசி கரைந்துவிட்டது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பி, முனுசாமி இழுப்பறைகளைத் துடைத்துக் காயவைத்தான். நாங்கள் புது லேபிள் எழுத உட்கார்ந்தோம். அக்காவின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதனால் எப்போதும் அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன். பறவையின் பெயர், ஆணா பெண்ணா, பிடித்த இடம், மாதம் என்று நாலு வரி.

பதினாறு லேபிளைத் தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டோம். எல்லாம் இங்கிலாந்து. மூன்றில் மட்டும் ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை, நீலத் திட்டாகிவிட்டிருந்தது. அதில் ஒன்று குஞ்சுப் பருவத்துப் பறவை, முகத்தில் சிவப்பு இன்னும் ஏறாதது.

அக்கா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். "எழுது. இடம், பல்லாவரம் கன்டோன்மென்ட். மாதம், ஜனவரி. குஞ்சுக்கு மட்டும், கூட்டருகே பிடிபட்டதுன்னு சேர்த்துக்கோ."

"பல்லாவரமா? நிச்சயமாவாக்கா?"

"வெள்ளைக்காரப் பட்டாளத்துச் சிப்பாய்ங்க அவங்க ஊர்லேருந்து கூண்டுல வச்சுக் கொண்டு வந்தது, தப்பிச்சுப் போய் இங்கேயே பெருகியிருக்கு. பாதிரியார் டைரில படிச்சிருக்கேன். எழுதுடி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

எழுதினேன். என் கையால், என் முத்து முத்தான எழுத்தில்.

ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கிலாந்தின் குளிரில் வாழ்கிற குருவி பல்லாவரத்து வெயிலில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது என்றால் சாதாரண விஷயமா? அதை யாரும் எங்கும் எழுதியதில்லை. ஒரு பறவைப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதலாமா என்று அக்காவைக் கேட்டேன். எழுதுவதற்கு முன் ஒரு தடவை, எழுதிய பிறகு ஒரு தடவை, தபாலில் போடுவதற்கு முன் ஒரு தடவை என்று மூன்று முறை, "நிச்சயம்தானேக்கா?" என்று கேட்டேன். மூன்றாவது முறை அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "என் மேல நம்பிக்கை இல்லன்னா எழுதாதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் போய்க் கட்டிப் பிடித்துச் சமாதானம் பண்ணினேன்.

கட்டுரை அச்சாகி வந்தது. என் பெயர் அச்சில். அம்மா அதை எங்கள் தெருவில் இங்கிலீஷ் தெரியாத வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். அதைப் படித்த ஒரு பேராசிரியர், மதராஸில் பறவை ஆராய்ச்சி செய்பவர், என்னை அழைத்துப் பேசினார். தன்னிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேரச் சொன்னார். வேலையோடு மேல்படிப்பும். அப்பா இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு இது வீடு தேடி வந்த சொர்க்கம். ஜூனில் வந்து சேர் என்று கடிதம் கொடுத்தார். நான் காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் இடி விழுந்தது. என் கட்டுரையைப் படித்துவிட்டு இங்கிலாந்திலிருந்து ஒரு மியூசியம் அந்தப் பேராசிரியருக்கு எழுதியிருந்தது. பாதிரியாருக்குப் பண்டமாற்றாக அந்தக் கோல்ட்ஃபிஞ்ச்களை அனுப்பியதே அவர்கள்தானாம். அனுப்பிய பட்டியலின் நகலும் இருந்தது. மொத்தம் பத்தொன்பது. பத்தொன்பதும் இங்கிலாந்தில் பிடித்தவை. எந்த ஊர், எந்த மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. குஞ்சுப் பறவை ஒன்று என்பதும் அதில் இருந்தது. நம்மிடம் இருப்பதும் பத்தொன்பதுதான். அப்புறம் பல்லாவரத்துக்கு எங்கே பறவை?

பேராசிரியர் கொடுத்த நகலை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவள் படித்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், மறுபடி படித்தாள்.

"அவங்க லிஸ்ட்டுல தப்பு இருக்கும்."

"அக்கா, அந்த டைரியைக் காட்டுங்க. அது போதும்."

"கரையான் அரிச்சிடுச்சேடி."

"நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அப்படி ஒரு டைரி இங்க இல்லையேக்கா!"

அவள் முகம் சிறுத்துப் போயிற்று. பிறகு என் கன்னத்தைத் தடவினாள். "அழாதே. கமிட்டி கூப்பிட்டா நான் பேசிக்கிறேன். நான் சொல்லித்தான் அவ எழுதினான்னு சொல்லிடறேன். உன் மேல ஒரு தூசி விழ விட மாட்டேன், போதுமா?"

போதும் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு வார்த்தையில் என் படபடப்பெல்லாம் இறங்கிவிட்டது.

கமிட்டி ஒரு சனிக்கிழமை காலையில் பங்களா ஹாலில் கூடியது. தலைவர் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். பேராசிரியரும் வந்திருந்தார். மேஜை மேல் அந்த மூன்று பறவைகள் மல்லாக்கக் கிடந்தன. முனுசாமி டீ கொண்டு வந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றான்.

"இந்த லேபிள் யார் எழுத்து?" என்றார் தலைவர்.

"என் எழுத்துதான் சார். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன்" என்றேன், பதற்றமே இல்லாமல்.

தலைவர் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களாம்மா?"

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அவளுக்கு ஒரு கண்டிப்பு, மிஞ்சிப்போனால் ஒரு மன்னிப்புக் கடிதம். வேலை போகாது, பத்து வருஷமாக அவளைத் தாங்குகிற கமிட்டி அது.

"படிக்க முடியலன்னா காலியா விட்டுடுன்னுதான் நான் சொன்னேன் சார்" என்றாள் அக்கா.

காலியாக விடச் சொன்னாளாம்! இவளா?

"சின்னப் பொண்ணு சார். எப்படியாவது பேர் வரணும்னு ஒரு ஆசை. நானும் சரிபார்த்திருக்கணும், அது என் தப்புதான். அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

எனக்காக வேறு கெஞ்சினாள். நான் என்ன பேசினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. "அக்கா, என்னக்கா சொல்றீங்க, என்னைப் பார்த்துச் சொல்லுங்கக்கா" என்று கத்தினது ஞாபகம் இருக்கிறது. பிறகு முனுசாமி பக்கம் திரும்பினேன். "முனுசாமிதான் சார் பக்கத்துல இருந்தான். அவனைக் கேளுங்க. பல்லாவரம்னு அக்கா சொன்னது அவனுக்கும் கேட்டுது."

முனுசாமி என்னைப் பார்த்தான். அப்புறம் அக்காவைப் பார்த்தான்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் பொட்டி தொடைச்சிகினு இருந்தேன். அம்மாங்க இங்கிலீஷ்ல பேசிகினு இருந்தாங்கோ."

அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் பெண்டாட்டியின் கடைசி வார்த்தை அக்காவின் வாயில்தான் இருந்தது. அக்கா பொய் சொல்லுகிறவள் என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டால் அவனுக்கு அதுவும் போய்விடும். அந்த ரகசியத்தை உடைத்துச் சொல்லி அவனை என் பக்கம் இழுத்திருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

பேராசிரியர் எழுந்திருக்கும்போது என்னிடம், "ஜூன்ல வர வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. பத்திரிகையின் அடுத்த இதழில், என் பெயரைப் போட்டு, அந்தக் கட்டுரையை யாரும் நம்ப வேண்டாம் என்று நாலு வரி போட்டார்கள். மியூசியத்தில் என்னை யாரும் போகச் சொல்லவில்லை, நானே நின்றுகொண்டேன். அக்கா கேட் வரைக்கும் வந்தாள். மோர் குடிச்சிட்டுப் போ என்றாள். அட, எந்த மனசோடு கேட்டாள்!

விஷயம் எங்கள் சர்ச் சபைக்குள் பரவ எத்தனை நாள் ஆகும்? பொய் லேபிள் எழுதின பெண் என்று ஆனேன். அம்மா ஒருத்திதான் மலை மாதிரி நின்றாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாரோ ஜாடையாகப் பேசினபோது எழுந்து நின்று, "என் பொண்ணு பொய் எழுத மாட்டா. நான் பெத்தவ, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சங்கத்துக்கே போகவில்லை. உலகம் முழுக்க ஒரு பக்கம் இருந்தாலும் அம்மா இந்தப் பக்கம் இருக்கிறாள் என்று எனக்கு ஒரு தெம்பு. அந்தத் தெம்பில்தான் டீச்சர் டிரெயினிங் முடித்தேன், பல்லாவரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சரானேன். ஆமாம், பல்லாவரத்தில்தான். தினமும் அந்த ஸ்டேஷன் போர்டைப் பார்த்துக்கொண்டு இறங்குவேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அந்தப் பள்ளியிலேயே வருஷங்கள் ஓடின. ஆராய்ச்சி, பறவை எல்லாம் அத்தோடு போயிற்று.

எழுபதுகளின் பாதியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் அக்கா. முன்நெற்றியில் நரை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அம்மாதான் கதவைத் திறந்தாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாலும் வா என்றாள்.

அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்குச் சர்ச்ல திருவிருந்து, ஸ்டெல்லா. மனசுல ஒருத்தர் மேல குறை வச்சுக்கிட்டுப் போய்ப் பீடத்துக்கு முன்னாடி முழங்கால் போடக் கூடாதுல்ல? ஒவ்வொரு தடவையும் போறேன், உன் முகம் வந்து நிக்குது. இத்தனை வருஷமா இழுத்துட்டேன். என் தப்புதான்."

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். வந்துவிட்டாள், கடைசியில் வந்தேவிட்டாள் என்று நினைத்தேன். பேராசிரியரிடம் போய்ச் சொல்ல வேண்டாம், கமிட்டியிடம் சொல்ல வேண்டாம், இந்த வீட்டுக்குள் அம்மா காது கேட்க ஒரு தடவை சொன்னால் போதும். எல்லாவற்றையும் விட்டுவிடுவேன். சத்தியமாக விட்டிருப்பேன்.

"நீ செஞ்சதை நான் அன்னைக்கே மன்னிச்சிருக்கணும்" என்றாள் அக்கா.

நான் அவளைப் பார்த்தேன்.

"வயசு அப்படி. நீ குனிஞ்ச தலை நிமிராம பல்லாவரம், பல்லாவரம்னு எழுதிட்டே போறே. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு, வேணாம் ஸ்டெல்லா, தெரியாததைத் தெரியாதுன்னு விட்டுடு, அதுல ஒண்ணும் கேவலம் இல்லன்னு சொல்றேன். நீ கேக்கல. உன் கையைப் பிடிச்சு நிறுத்தாம விட்டேனேன்னு அதான் எனக்கு இத்தனை வருஷமா வேதனை. போகட்டும். நான் மனசார மன்னிச்சிட்டேன்மா. நீயும் என்னை மன்னிச்சிடு."

அந்த முகத்தில் பொய்யைத் தேடினேன். ஒரு பொட்டுப் பொய் இல்லை. என் வாழ்நாளில் அத்தனை சுத்தமான முகத்தை நான் பார்த்ததில்லை. ஏமாற்றுக்காரியாக இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்திருப்பேன். இவளை என்ன செய்வது? அந்த மூன்று பேர் இருந்த அறையில் இப்போது இவள் ஞாபகத்தில் நடப்பது வேறு கதை, அதில் நான் திருடி, இவள் சாட்சி.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள். என் பெயரைச் சொல்லி, என் வேலையைச் சொல்லி, என் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சொல்லி, உருகி உருகிப் பண்ணினாள். கையை உதறிக்கொள்ளத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் முடிந்ததும் பின்னாலிருந்து அம்மா ஆமென் என்றாள்.

அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். அக்கா குடித்துவிட்டு, லேசானவளாக எழுந்து போனாள். கேட் வரைக்கும் கூடப் போய்விட்டு வந்த அம்மா, டம்ளரை எடுத்தவள் போகாமல் அப்படியே நின்றாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்டி, ஊருக்குச் சொல்ல வேணாம், என்கிட்டயாவது அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே. நான் என்ன உன்னை வெட்டியா போட்டிருப்பேன்?"